குழிக்கு ஒண்ணு

ஒண்ணு என்றால் ஒண்ணு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று தமயந்திக்கு இன்றுவரை விளங்கவில்லை. குழிக்கு ஒரு விதை என்று கரடியாய்க் கத்திச் சொல்லிவிட்டுப் போயும், ஒரு குழி பாக்கியில்லாமல் மூன்றும் நான்குமாக முண்டியடித்துக்கொண்டு நிற்கிற பீட்ரூட் நாற்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ வேண்டுமென்றே தன்னைச் சீண்டுவதுபோல இருந்தது அவளுக்கு. யாரோ என்ன யாரோ, சீண்டினவர், அவள் புருஷர்தான், இதோ பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் குரங்குக் குல்லாயும் பழுப்பு ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்தில் காலைப் பலகாரம் முடிந்த பிறகுதான் வெயில் எட்டிப்பார்க்கும். ஓசூர்க் குளிருக்கு அதுவே பெரிய உபகாரம். அவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கஞ்சி கொடுத்து, வெயிலில் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. மகள் சுகன்யா பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து சேருகிறவரைக்கும் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. உள்ளே போனால் வாசல் கதவோரம் ஜிப் இழுத்து நிறுத்தி வைத்திருக்கிற பையைப் பார்க்கவேண்டியிருக்கும். அதற்கு இது தேவலை என்றுதான் அவருடைய பழைய வேலைமேஜைமேல் வரிசையாக வைத்திருந்த தெர்மோகோல் பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கவேண்டும். சிவப்புக் காம்பு, மேலே இரண்டு இலை, கீழே நூல் மாதிரி வேர். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் கூடவே கிளம்பி வருகிறது. நிற்கவேண்டியது எது, போகவேண்டியது எது என்று பிரிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. "ஒண்ணு," என்றார் ஏகாம்பரம்.

ஆரம்பித்தாயிற்று. பசித்தால் ஒண்ணு, மூத்திரம் வந்தால் ஒண்ணு, டிவியில் சத்தம் கூடினால் ஒண்ணு, குறைத்தால் அதற்கும் ஒண்ணு. பங்குனியில் ஷேவ் செய்துகொண்டிருந்த மனுஷர் கண்ணாடி முன்னாலேயே சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது கையும் வலது காலும் விளங்காமல் வீடு வந்தபோது, அத்தனை வருஷப் பேச்சிலிருந்து மிஞ்சி வந்தது இந்த ஒரு சொல்தான். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது, நினைப்பது ஒன்றாக இருந்தாலும் வாயில் வருவது இதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நினைக்கிறாரா என்று இவள் கேட்டாள். போகப் போகத்தான் தெரியும் என்றார். போகப் போக என்றால் எதுவரைக்கும் போவது, யார் போவது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் முதல் நாள் உங்க பேர் என்ன சார் என்று கேட்டதற்கும் ஒண்ணு என்றார். ஏகம்னா ஒண்ணுதானே ஆன்ட்டி, கரெக்டாத்தான் சொல்றார் என்று அந்தப் பெண் சிரித்தாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. இட்லி எத்தனை வைக்கட்டும் என்றால் ஒண்ணு. ஒன்று வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு இன்னும் உரக்க ஒண்ணு. எத்தனையோ சொல் இருக்க, இதைப் போய் எதற்குப் பிடித்துக்கொண்டு வந்தாரோ. தமயந்தி என்று மிஞ்சியிருக்கக் கூடாதா? வாழ்நாளெல்லாம் ஊரைக் கூட்டுகிற மாதிரி கூப்பிட்ட பேர் அது. கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது, பாட்டில் மூடியை எவ்வளவு இறுக்குவது, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடாமல் இழுத்தால் என்ன ஆகும் என்று எதற்கெடுத்தாலும் ஒரு பிரசங்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்தவர், தலைமுடியளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிக் குப்பையில் போடுகிற வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "ஒண்ணு புரிஞ்சுக்கோ தமயந்தி" என்றுதான் எதையும் தொடங்குவார். தொடங்கினால் குழம்பு ஆறிப்போகும். இந்த மனுஷர் ஒரு நாள் வாயை மூடினால் போதும் முருகா என்று அவள் வேண்டிக்கொண்டதுண்டு. அது ஞாபகம் வந்ததும் பிடுங்கிய நாற்றை வேகமாகக் கீழே போட்டாள். எல்லாரும்தான் வேண்டிக்கொள்கிறார்கள். எல்லார் வேண்டுதலையும் சாமி இப்படி ஒன்றுக்குப் பத்தாகவா நிறைவேற்றுகிறது?

பீட்ரூட் யோசனையும் அந்தப் பயிற்சிப் பெண் கொடுத்ததுதான். இடது கைக்கு வேலை குடுங்க ஆன்ட்டி, எதையாவது பொறுக்கி வைக்கச் சொல்லுங்க, சொன்னதைக் கேட்டுச் செய்றாரான்னு நமக்கும் தெரியும் என்றாள். நர்சரிக்காரர், முளைக்கீரையும் கேரட்டும் பொடிசு, விரலில் நிற்காது, பீட்ரூட் விதைதான் சொரசொரவென்று பிடிக்க வாகாக இருக்கும் என்று ஒரு பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். யூடியூபில் தோட்டம் போடுகிற ஒருத்தர், குழிக்கு ஒரு விதை, விரற்கடை ஆழம், நெருக்கமாக வந்தால் கலைத்துவிடணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோப்பு விளம்பரம் குறுக்கே வந்தது, குக்கரும் கத்தியது. மிச்சத்தைப் பார்க்கவில்லை. விதை போடுவதில் மிச்சம் என்ன இருக்கப்போகிறது. மீன்கடையில் வாங்கிவந்து கழுவிக் காயவைத்த தெர்மோகோல் பெட்டிகளில் மண் நிரப்பி, அவர் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்துக்கு மேஜைமேல் ஏற்றி, பென்சிலால் குழி குழியாகக் குத்திக் கொடுத்தாள். போதாததற்கு, ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டு, தன் கையாலேயே ஒரு விதையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டி அதில் நட்டாள். இதான் ஒண்ணு, பாத்துக்கிட்டீங்களா, குழிக்கு இதே மாதிரி ஒண்ணு என்றாள். ஒண்ணு என்றார். டப்பாவை வழியிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்துவிட்டு, விதைக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு காலை முழுக்க எடுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட வந்தபோது கிண்ணம் காலி, குழிகள் மூடியிருந்தன, முகத்தில் ஏதோ சாதித்துவிட்ட களை. அவளுக்குக்கூட அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் வாஷிங் மெஷினில் அவர் சட்டைப் பையிலிருந்து ஊறிப்போன விதைகள் வந்து விழுந்தன. மண்ணில் போடச் சொன்னால் பையில் போட்டுக்கொள்கிறார் என்று அங்கேயே கொஞ்சம் சுருதி இறங்கியது. அப்புறம் முளை வந்தது. குழிக்குக் குழி கும்பல்.

அதற்குப் பிறகு என்ன இருக்கிறது சொல்ல. அன்றைக்குச் சாயங்காலமே சுகன்யாவுக்குப் போன் செய்தாள். இந்தச் சந்தில் நின்றுதான், இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினாள். உங்கப்பாகிட்ட குழிக்கு ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேண்டி, கையால அள்ளி அள்ளிப் போட்டிருக்கார், நாம சொல்றது ஒண்ணுமே உள்ள போகலை என்றாள். பின்னாலிருந்து ஒண்ணு என்று சத்தம் வந்தது. ஆமா, உங்க மண்டையில ஒண்ணுமில்லை என்று திரும்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். மாசக்கணக்கில் சுகன்யாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்: நீயும் படுத்துட்டா நான் ரெண்டு பேரையும் எப்படிம்மா பாப்பேன், நல்ல இடமா இருக்கு, நர்ஸ் இருக்காங்க, நானும் வாராவாரம் போய்ப் பாப்பேன். இவள்தான், கொஞ்சம் பொறுடி, மனுஷனுக்குப் புரியுதோ என்னமோ, புரிஞ்சா அங்க எப்படி இருப்பார் என்று தள்ளிப்போட்டு வந்தாள். புரியுதோ என்னமோ என்கிற அந்த ஒரு நூலில்தான் அவர் இந்த வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பீட்ரூட் அதையும் அறுத்துவிட்டது. அந்த முதியோர் இல்லத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து விசாரித்தபோது கேட்ட முதல் கேள்வியே அதுதான்: சொன்னா புரியுமா? புரியாதுங்க என்றாள் தமயந்தி. சொல்லி முடித்ததும், இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அதை யாரிடம் சொல்லமுடியும்? எழுபது கிலோ மனுஷரைக் குளியலறையில் தூக்கி நிறுத்தும்போது ஈரத் தரையில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்துகிடக்கிற காட்சி தினமும் காலையில் அவள் கண்ணுக்குள் ஓடுகிறது. யார் வந்து தூக்குவார்கள். இவர் ஒண்ணு ஒண்ணு என்று கத்தினால் எதிர்வீட்டுக்காரர்கள் ஏதோ எண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். தான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. சும்மாவா இருந்தாள் இத்தனை மாதமும்?

"ஒண்ணு." இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதுக்குப் பழகின சத்தத்தைக் காது தானாகவே தள்ளிவிட்டுவிடும், அது அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக எத்தனை வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ட்ரங்க் கால் காலம். சேலத்துக்குப் பேச வேண்டுமென்றாலும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். லைனில் இடி இடிக்கும், மழை பெய்யும், நடுவில் யாரோ இந்திக்காரன் பேசுவான். அத்தனைக்கும் அடியில் ஒரு குரல் எறும்பு மாதிரி ஊர்ந்து வரும். அதைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவாள். ஒரு நாள் ஒருத்தர் தூத்துக்குடிக்குப் போன் போட்டுக் கத்துகிறார், எதிர்முனையில் தம்பி சொல்வது இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தம்பி அழுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியாத இரைச்சல். தமயந்தி நடுவில் புகுந்து, சார், உங்க அம்மா தவறிட்டாங்களாம், தம்பி சொல்றார், உடனே கிளம்பி வரச் சொல்றார் என்று எடுத்துச் சொன்னாள். வார்த்தை கேட்டதா என்றால் அவளுக்கும் கேட்கவில்லை. குரல் போன போக்கு கேட்டது. சூப்பர்வைசர் கேட்டார், எப்படிம்மா கண்டுபிடிச்சே? அப்போது அதைப் பெருமையாக ஏகாம்பரத்திடம் வந்து சொன்னாள். அவர் அரை மணி நேரம் கம்பிவடத்தில் சத்தம் எப்படிப் போகிறது என்று விளக்கினார். பாராட்டி ஒரு வார்த்தை? கிடையாது. அந்தக் காது இப்போது எங்கே போயிற்று என்று ஒரு நினைப்பு மெல்லத் தலைநீட்டியது. அவள் அதையும் ஒரு நாற்றோடு சேர்த்துப் பிடுங்கினாள். லைன் மோசமாக இருந்தால் பிரித்துக் கேட்கலாம். அந்தப் பக்கம் ஆளே இல்லையென்றால் எதைப் பிரிப்பது?

மேஜையோரத்தில் பிடுங்கிப்போட்ட நாற்றுகள் ஒரு பிடி சேர்ந்துவிட்டன. கழுவிப் பருப்பில் போட்டால் கீரையாகும் என்று சிலர் சொல்கிறார்கள். யார் சாப்பிடப்போகிறார்கள், நாளைக்கு அவள் ஒருத்திக்கு ஒரு ஆழாக்குச் சோறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மண்ணும் சிவப்புமாகப் பிசுபிசுத்தன. இந்தச் சிவப்பு அவருக்கு ஆகாது. பந்தியில் பீட்ரூட் பொரியல் வைத்தால் இலையில் தனியாகக் கரை கட்டி ஒதுக்குவார், சோற்றில் பட்டுவிடுமாம். அப்படிப்பட்டவர் கையில் போய் பீட்ரூட்டைக் கொடுத்தால் இப்படித்தான் செய்வார் என்று நினைத்து, உடனே அந்த நினைப்பிலேயே தடுக்கிக்கொண்டாள். ஒதுக்கத் தெரிந்தவருக்கு அள்ளிப்போட எப்படித் தெரிந்தது? அது பழைய ஏகாம்பரம். பழைய ஏகாம்பரத்தை இந்த நாற்காலியில் தேடிக்கொண்டிருப்பதுதான் தன் வியாதி என்று சுகன்யா சொல்கிறாள். நிஜமாகவே பயமாக இருப்பது அதுவல்ல என்று தமயந்திக்குத் தெரியும். தேடி, அவர் உள்ளேயே இருந்துவிட்டால்? இத்தனை மாதமாக அவர் முன்னால் நின்று என்னென்ன பேசியிருக்கிறாள். சனியன் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், போய்ச் சேர்ந்திருந்தாலும் தேவலை என்று சொன்னது அவர் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். அத்தனையையும் உள்ளே உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, பதிலுக்கு ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் இருந்தால், அந்த மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால் புரியக் கூடாது. புரியாமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது. "ஒண்ணு," என்றார் ஏகாம்பரம், "ஒண்ணு, ஒண்ணு." இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அவர் பார்வை அவள் கையிலிருந்த கொத்தின்மேல் இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஆமா ஒண்ணு! ஒண்ணு போடுங்கன்னுதானே சொன்னேன்? நாலு நாலா போட்டது யாரு, நானா? கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்." அவர் மூடிக்கொண்டார். சொன்னதும் மூடிக்கொண்டார் என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. சந்தில் வெயில் மட்டும் இருந்தது. அந்த அமைதி பேச்சைவிட மோசமாக இருந்ததால், கை கழுவுகிற சாக்கில் வீட்டின் பின்பக்கம் போனாள்.

பின்பக்கம் இரண்டு படி இறங்கவேண்டும். அங்கே சம்ப் மூடியும், தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைக்கிற தகரப் பெட்டியும், அந்தப் பெட்டிமேல் உடைந்த வாளி, பழைய துடைப்பம், இன்னும் எறிய மனசு வராத சாமான்களும். குழாயைத் திறந்து கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். துடைப்பத்துக்குப் பின்னால் ஐஸ்கிரீம் டப்பா. எங்கேயோ வைத்தோமே என்று அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் நினைக்கவில்லை. மழைத் தூறலே தண்ணீர் ஊற்றியிருக்கிறது. டப்பாவுக்கு நட்டநடுவில், அவள் விரலால் அமுக்கின அதே இடத்தில், சிவப்புக் காம்போடு மூன்று நாற்றுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நிழலில் வளர்ந்ததால் கொஞ்சம் ஒல்லி. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இதிலும் கொண்டுவந்து போட்டுவிட்டாரா? எப்போது போட்டார்? போட்டிருப்பார், நான் உள்ளே போன நேரத்தில். எப்படிப் போடுவார்? நாற்காலியை அவரால் தள்ளமுடியாது. தள்ளினாலும் இரண்டு படி. சரி, அப்படியென்றால் நானே மறதியாக மூன்று போட்டிருப்பேன். ஒன்றைத்தான் போட்டாள். மூக்குக்கு நேரே ஆட்டிக்காட்டிப் போட்டாள். இதான் ஒண்ணு என்று சொல்லிப் போட்டாள். எறும்பு இழுத்து வந்திருக்குமோ, காற்றில் விழுந்ததோ, பொட்டலத்திலிருந்து கையில் ஒட்டிக்கொண்டு வந்ததோ. ஒன்றுக்கும் உதவாத காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடத் தோன்றவில்லை. டப்பாவுக்குள் விரலை விட்டு, மண்ணைச் சுற்றிலும் நெகிழ்த்தி, அடியோடு அந்தக் கொத்தைத் தூக்கினாள். மண் உதிர்ந்தது. கீழே, சொரசொரப்பான அதே பழுப்பு ஓடு, சுக்கு மாதிரி சுருங்கிய ஒரே ஓடு. அதிலிருந்து மூன்று வேர் மூன்று பக்கமாக இறங்கியிருந்தன.

ஒரே விதை. ஒரு விதைக்குள் மூன்று. இப்படியும் ஒரு விதை இருக்குமா? இருக்கிறது, இதோ கையில் இருக்கிறது. அந்த யூடியூப்காரர் விளம்பரத்துக்கு அப்புறம் சொல்லியிருப்பார். நெருக்கமாக வந்தால் கலைத்துவிடணும் என்று சொன்னவர் எதனால் நெருக்கமாக வரும் என்றும் சொல்லாமலா இருப்பார்? அவள் டப்பாவை மட்டும் வைத்துவிட்டு, கொத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, படியேறி மேஜைக்கு வந்தாள். பிடுங்கிப்போட்ட குவியலைக் கலைத்துப் பார்த்தாள். அங்கும் சிலவற்றின் அடியில் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஓட்டில் இரண்டு. இன்னொன்றில் இரண்டு, மூன்றாவது அறுந்துபோன தடம். காலையிலிருந்து இத்தனையைப் பிடுங்கியிருக்கிறாள், கண் எங்கே போயிற்று? அள்ளி அள்ளிப் போட்டார் என்று சொன்னாளே, அள்ளிப்போடுகிறவருக்கு எதற்கு ஒரு காலை முழுக்க ஆனது? பழகாத இடது கையால், விதை விதையாக, ஒவ்வொன்றாக. குழி முடிந்தும் விதை மிஞ்சியிருக்கிறது. மிஞ்சினதை என்ன செய்வார்? மின்விசிறியைக் கழற்றி மாட்டினாலும் மிக்ஸியைப் பிரித்து மூட்டினாலும் மிச்சமான திருகாணியை என்ன செய்வாரோ அதைச் செய்தார். சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். அது துணியோடு மெஷினில் விழுந்து கடகடவென்று உருளும்போதெல்லாம் அவள் கத்துவாள், அவரும் "ஒண்ணு புரிஞ்சுக்கோ தமயந்தி, மிச்சமானது எதுவும் வீணில்லை" என்று தொடங்குவார். தொடங்குவார். ஒண்ணு என்று தொடங்குவார். நாற்றைப் பிடித்திருந்த கை தானாக நின்றது. இத்தனை மாதமும் அவர் எதையும் எண்ணவில்லை. பிரசங்கத்தின் முதல் சொல் வருகிறது, அடுத்தது வராமல் நின்றுவிடுகிறது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். அவ்வளவுதானா? நிஜமாகவே அவ்வளவுதானா? இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் சொன்ன மாதிரி வெறும் சத்தமாகவும் இருக்கலாம். இட்லிக்கும் மூத்திரத்துக்கும் அதுதானே வருகிறது. ஆனால் குழிக்கு ஒண்ணு என்றாள், குழிக்கு ஒண்ணு போட்டிருக்கிறார். அதை இனி யாராலும் மாற்றமுடியாது. சனியன் என்று சொன்னது, போய்ச் சேர்ந்திருந்தால் என்று சொன்னது, மண்டையில் ஒன்றுமில்லை என்று சொன்னது எல்லாம் இப்போது ஒன்றுசேர்ந்து, அவர் பக்கம் திரும்பவிடாமல் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டன. வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தால் அதற்கும் முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஒரு தடவை கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா இந்த மனுஷர்? எப்படி நிறுத்துவார். காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தார்.

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்துவது, கேட்டைத் தள்ளுவது, செருப்பு. தமயந்தி ஓட்டோடு இருந்த மூன்று நாற்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அவர் வாயை மூடச் சொன்னதிலிருந்து மூடினபடியே இருந்தார். குல்லாய் ஒரு காதுக்கு மேலே ஏறியிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். இடது கை விரலால் மெதுவாக அந்த ஓட்டைத் தொட்டார், தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு," என்றார்.

அவள் கேட்டாள். சொல்லை அல்ல, அதை எத்தனை முறைதான் கேட்பது. குரல் போன போக்கைக் கேட்டாள். கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. மந்தமான ஒரு ஆளுக்கு ஒரே விஷயத்தை மாசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவனின் சலிப்பு. சுத்தமான, அசலான, முப்பத்தைந்து வருஷப் பழைய சலிப்பு. மிக்ஸி மூடியை மாற்றி மாட்டினபோதும் இதே குரல்தான். இத்தனை மாதம் இவரோடு மல்லுக்கட்டி அவள்தான் அலுத்துப்போனாள் என்று நினைத்திருந்தாள்.

"அம்மா, பின்னாடி குழாய் ஓடுது பாரு, தண்ணி சந்து வரைக்கும் வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டே சுகன்யா வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, அவளும் தூங்கவில்லை. "ரெடியா? அப்பாவோட மாத்திரையெல்லாம் பையில வச்சாச்சா?"

"ஒண்ணு," என்றார் ஏகாம்பரம் மகளைப் பார்த்து. "ஒண்ணு. ஒண்ணு, ஒண்ணு."

சுகன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

"குழிக்கு ஒண்ணுதான் போட்டாராம்," என்றாள் தமயந்தி. அவள் குரல் அவளுக்கே பழைய ஹெட்செட்டுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. "விதையே அப்படித்தானாம். முதல்ல அதைப் புரிஞ்சுக்கோங்கிறார்."

மகள் ஒன்றும் விளங்காமல் அம்மாவின் மண் கையையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தமயந்தி விளக்கவில்லை. சொல்லவேண்டியது நிறைய இருந்தது. அந்த இல்லத்து அம்மாளுக்குப் போன் செய்யவேண்டும், புரியும் என்று சொல்லவேண்டும், நாளைக்குக் காலையிலும் இந்த எழுபது கிலோவை ஈரத் தரையில் நிறுத்தவேண்டும், அதற்கு இடுப்பு இடம் கொடுக்குமா என்று தெரியாது.

"அந்தப் பையைக் கொண்டுபோய் உள்ள வை," என்றாள்.

"அம்மா..."

"வைடி."

ஏகாம்பரம் நிறுத்துகிற வழியாக இல்லை. நாற்காலிக் கைப்பிடியைத் தட்டித் தட்டி, ஒரு ஒண்ணுக்கும் அடுத்த ஒண்ணுக்கும் நடுவே சரியாக மூச்சு விட்டு, பெட்டியைக் காட்டி, அவள் கையைக் காட்டி, மகளைச் சாட்சிக்கு இழுத்து, பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. விதையைப் பற்றியாக இருக்கும். சட்டைப் பையைப் பற்றியாக இருக்கும். வேறு எதைப் பற்றியும் இருக்கலாம், அவள் அவரிடம் சொன்னதையெல்லாம் பற்றியும் இருக்கலாம். தமயந்தி நின்று கேட்டாள். காலும் இடுப்பும் வலித்தன. பழைய எரிச்சல், ஆஸ்பத்திரிக்கு முந்தைய எரிச்சல், அப்படியே ஏறி வந்தது.

"சரி, சரிங்க," என்றாள் கடைசியில். "நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. அதற்கும் அவர் நிறுத்தவில்லை.